பென்னி ரெட்: ஒரே சிவப்புத் தபால்தலை, ஒன்றுக்குச் சில நூறு ரூபாய், இன்னொன்றுக்குச் சில கோடி. ஏன்?

2012-ஆம் ஆண்டில் ஒரு சின்னஞ்சிறு சிவப்புத் தபால்தலை 5,50,000 பவுண்டுக்கு விற்பனையானது. இன்றைய கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கும் மேல். விக்டோரியா மகாராணியின் தலை, மேலே ‘போஸ்டேஜ்’, கீழே ‘ஒன் பென்னி’. வேறு எதுவும் அதில் கண்ணில் படாது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள். அதே தலை, அதே சிவப்பு, அதே ஒரு பென்னி அவர்களிடமும் இருக்கும். கடைக்காரரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்கு மேல் பேச்சே எழாது.

ஏமாற்றம் வருவது இயல்புதான். ‘நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு, இதற்கா இந்த விலை?’ என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பென்னி ரெட் 1841 முதல் 1879 வரை கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் அச்சானது. மொத்தம் சுமார் 2,100 கோடி. இவ்வளவு எண்ணிக்கையில் வந்த ஒரு பொருளுக்கு வயது மட்டுமே விலை வாங்கித் தந்துவிடாது. அது எந்த ஆண்டில், எந்தத் தகட்டில், எப்படிப்பட்ட தாளில் அச்சாகி, எப்படி வெட்டப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வேறுபாடுகள் அழகுக்காகச் செய்தவையும் அல்ல. மோசடி பயம், தகட்டின் தேய்மானம், தபால் அலுவலக ஊழியரின் வசதி என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் வகையை அடையாளம் காண்பது கஷ்டமில்லை.

## முதலில், தபால்தலை எதற்காக வந்தது?

1840-க்கு முன் பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் கடிதம் போக ஒரு ஷில்லிங்குக்கு மேல், அதாவது 13 பென்னிக்கு மேல் ஆனது. ஏழைகளுக்கு அது பெரிய தொகை. பணம் இல்லாமல் கடிதத்தை வாங்க மறுப்பதும், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருந்த இலவசத் தபால் சலுகையை மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்வதும் அன்றாட வழக்கமாக இருந்தன.

தபால் முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று வாதாடிய ரோலண்ட் ஹில் 1837-இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கணக்கையே தலைகீழாக்கியது. எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று அவர் காட்டினார். மீதியெல்லாம் தூரத்தைக் கணக்கிடவும், பதிவு செய்யவும், வாசலில் நின்று காசு வசூலிக்கவும் ஆகும் செலவு. ஆகவே நாடு முழுவதும் ஒரே கட்டணம், அதையும் அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்பது அவர் யோசனை. 1840 ஜனவரி 10-இல் அரை அவுன்ஸ் வரையுள்ள கடிதத்துக்கு ஒரு பென்னி என்ற முறை நடைமுறைக்கு வந்தது. 1839-இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840-இல் 16.9 கோடியாகின.

முன்கூட்டிக் கட்டியதற்கு அத்தாட்சி வேண்டுமே! அதுதான் பென்னி பிளாக். 1840 மே 1 அன்று விற்பனைக்கு வந்தது, மே 6 முதல் செல்லுபடியானது. உலகின் முதல் ஒட்டுத் தபால்தலை. நாட்டின் பெயர் அதில் இல்லை. அப்போது வேறு எந்த நாட்டிலும் தபால்தலை இல்லாததால் பெயருக்குத் தேவையே எழவில்லை. பிரிட்டிஷ் தபால்தலைகள் இன்றுவரை நாட்டின் பெயர் இல்லாமல்தான் வருகின்றன.

## அச்சிட்ட விதம்: எல்லா வேறுபாடுகளுக்கும் வேர் இங்கே

பெர்கின்ஸ், பேகன் அண்ட் பெட்ச் என்ற நிறுவனத்துக்கு அச்சு வேலை போனது. அதைத் தொடங்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஜேக்கப் பெர்கின்ஸ். வங்கி நோட்டுகளைப் போலி செய்ய முடியாமல் அச்சிடுவதில் பெயர் பெற்ற நிறுவனம் அது. ராணியின் உருவம், வில்லியம் வையான் 1837-இல் செய்த பதக்கத்திலிருந்து எடுத்தது. அதை எஃகில் செதுக்கியவர்கள் சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃபிரெடரிக் ஹீத்தும். ஏன் முகம்? மனித முகத்தில் ஒரு கோடு பிசகினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். போலி செய்பவனுக்கு எதிரான முதல் காவல் அந்த முகம்தான்.

தயாரிப்பு இந்த வரிசையில் நடந்தது:

1. ஒரு சிறு எஃகுத் துண்டில் ஒரே ஒரு தபால்தலையின் உருவத்தைச் செதுக்கினார்கள். இதை ‘டை’ என்பார்கள். அப்புறம் அதைக் கடினமாக்கினார்கள்.
2. மென்மையான எஃகு ரோலர் ஒன்றை அந்த டையின் மேல் பெரும் அழுத்தத்தில் உருட்டி, உருவத்தை ரோலருக்கு மாற்றினார்கள். ரோலரையும் கடினமாக்கினார்கள்.
3. அந்த ரோலரைப் பெரிய எஃகுத் தகட்டில் ஒவ்வோர் இடமாக, மொத்தம் 240 முறை அழுத்தினார்கள். இதுதான் ‘பிளேட்’. 20 வரிசை, வரிசைக்கு 12.
4. கடைசியாக, ஒவ்வோர் உருவத்தின் கீழ் மூலைகளிலும் இரண்டு எழுத்துகளை ஒருவர் சிறு உளி அச்சால் கையாலேயே தட்டிப் பதித்தார்.

240 என்ற எண் தற்செயலானதல்ல. அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. ஒரு வரிசை ஒரு ஷில்லிங், ஒரு முழுத் தாள் ஒரு பவுண்டு. தபால் அலுவலக ஊழியர் கணக்குப் போட வேண்டியதே இல்லை. தாளின் விளிம்பிலேயே இப்படி அச்சிட்டிருந்தார்கள்: ஒரு லேபிள் 1 பென்னி, 12 கொண்ட வரிசை 1 ஷில்லிங், தாள் 1 பவுண்டு; முகவரிக்கு மேலே கடிதத்தின் வலப்பக்கம் பார்த்து ஒட்டவும்; பின்புறத்தை நனைக்கும்போது பசை போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும். தபால்தலையை எங்கே ஒட்டுவது, எப்படி நனைப்பது என்பதையே மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலம் அது.

மூலை எழுத்துகளுக்கு வருவோம். இடது கீழ் மூலையில் இருப்பது வரிசையைக் குறிக்கும்: ஏ முதல் ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாவது எழுத்து வரை. வலது கீழ் மூலையில் இருப்பது அந்த வரிசையில் எத்தனையாவது என்பதைக் குறிக்கும்: ஏ முதல் எல் வரை. முதல் வரிசையின் முதல் தபால்தலையில் ஏ-ஏ, அடுத்ததில் ஏ-பி. இரண்டாவது வரிசை பி-ஏ-வில் தொடங்கும். போலி அச்சிடுபவன் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், ஒரே எழுத்து ஜோடி உள்ள தபால்தலைகள் குவிந்து மாட்டிக்கொள்வான் என்பது எண்ணம்.

கையால் தட்டிய எழுத்துகள் ஆயிற்றே, ஒன்று சற்று சாய்ந்திருக்கும், ஒன்று கட்டத்தின் ஓரத்தைத் தொட்டிருக்கும், ஒன்று இரண்டு முறை தட்டப்பட்டு இரட்டையாகத் தெரியும். எந்த இரண்டு பிளேட்டிலும் அந்த 240 இடங்களும் அச்சு அசலாக ஒன்றாக அமையவில்லை. பிளேட் எண் அச்சிடப்படாத தபால்தலையைக்கூட, எழுத்து கட்டத்துக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து இன்றும் இன்ன பிளேட் என்று சொல்ல முடிகிறது. மோசடியைத் தடுக்க வைத்த எழுத்துகள் மோசடியை எவ்வளவு தடுத்தனவோ, சேகரிப்பாளர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி செய்திருக்கின்றன. ஒவ்வொரு புது பிளேட்டிலிருந்தும் ஒரு மாதிரித் தாளை அரசு எடுத்து வைத்துக்கொண்டது. அந்தத் தாள்கள் இன்று லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மூலமே கையில் உண்டு.

## கறுப்பு ஏன் சிவப்பானது?

பென்னி பிளாக் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. காரணம் முத்திரை மை.

ஒரு முறை பயன்படுத்திய தபால்தலையை மறுபடி பயன்படுத்தாமல் இருக்க அதன் மேல் ‘மால்டா சிலுவை’ என்று அழைக்கப்படும் வடிவத்தில் முத்திரை குத்தினார்கள். தபால்தலை கறுப்பு என்பதால் முத்திரை மை சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு மையைக் கழுவி எடுத்துவிட முடிந்தது. கழுவிய தபால்தலை மறுபடியும் கடிதத்தில் ஏறியது. ஹில்லும் அச்சுக்காரர்களும் 1840-லேயே பல நிறங்களில் சோதனை அச்சுகள் எடுத்துப் பார்த்தார்கள். கழுவினால் தபால்தலையின் மையே கரைந்து போக வேண்டும், முத்திரை மை போகக் கூடாது, தேடியது இதைத்தான்.

கிடைத்த விடை எளிமையானது: நிறங்களை இடம் மாற்றுவது. தபால்தலை சிவப்பு கலந்த பழுப்பு, முத்திரை எளிதில் அழியாத கறுப்பு. 1841 பிப்ரவரியில் பென்னி ரெட் வந்தது. உருவம் மாறவில்லை. பென்னி பிளாக் அச்சிட்ட பிளேட்டுகள் சிலவற்றிலிருந்தே முதல் சிவப்புகளும் அச்சாகின. எனவே ஒரே பிளேட்டின், ஒரே எழுத்து ஜோடியின் கறுப்பையும் சிவப்பையும் ஒரு பக்கத்தில் ஜோடியாக வைப்பது சேகரிப்பாளர்களிடையே தனி ஆசை. மாறாக, 11-ஆம் பிளேட் சிவப்புக்காகவே செய்தது. அதிலிருந்து கொஞ்சம் கறுப்பிலும் அச்சாகிவிட்டதால், பென்னி பிளாக்குகளிலேயே அரிதானது அதுதான்.

இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். உலகின் முதல் தபால்தலை என்பதால் பென்னி பிளாக் மிக அரிதானது என்று பலர் நினைக்கிறார்கள். 6.8 கோடிக்கும் மேல் அச்சானது அது. அதற்கு நல்ல விலை இருப்பது எல்லோரும் அதை விரும்புவதால். அரிது என்பது வேறு, கிராக்கி என்பது வேறு. பென்னி ரெட்டைப் புரிந்துகொள்ளவும் இந்த வித்தியாசம் தேவை.

## நீலம் பாய்ந்த தாள்

ஆரம்பகாலப் பென்னி ரெட்டுகளைப் பார்த்தால் தாள் வெள்ளையாக இருக்காது, மங்கலான நீலமாக இருக்கும். தாளுக்கு யாரும் நீலம் போடவில்லை. மையில் சேர்த்த ஒரு பொட்டாசியம் உப்பு ஈரத் தாளில் வினைபுரிந்து அந்த நிறத்தைக் கொடுத்தது. அன்று தாளை நனைத்துத்தான் அச்சிடுவார்கள். அப்போதுதான் தகட்டின் பள்ளங்களில் இருக்கும் மையைத் தாள் முழுசாக எடுக்கும்.

சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க நீலம் பரவி, ராணியின் தலை இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். கழுத்தின் வளைவும் கொண்டையும்கூடத் தெளிவாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் இதைத் ‘தந்தத் தலை’ என்கிறார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அழகாக இருக்கும் தபால்தலைகள் உலகில் அதிகம் இருக்காது. 1857 வாக்கில் நீலம் மறைந்து, வெள்ளைத் தாளில் ரோஜாச் சிவப்பு நிறம் நிலைபெற்றது. ஆக, தாள் நீலமாக இருந்தால் பொதுவாக அது 1857-க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## கத்தரிக்கோலிலிருந்து துளைகளுக்கு

முதல் பதிமூன்று ஆண்டுகள் தபால்தலைகளின் ஓரத்தில் பல், அதாவது பிரித்தெடுக்க உதவும் துளை வரிசை, கிடையாது. ஊழியர் கத்தரிக்கோலால் தாளை வெட்டிக் கொடுப்பார். தபால்தலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மிகக் குறைவு. அவசரத்தில் வெட்டும்போது ஓரம் போய்விடும், சில சமயம் உருவத்திலேயே கத்தரி ஏறிவிடும். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் முழுசாக இருக்கும் தபால்தலைக்கு இன்று பல மடங்கு அதிக விலை கிடைப்பது இதனால்தான்.

ஹென்றி ஆர்ச்சர் என்ற அயர்லாந்துக்காரர் 1847-இல் ஒரு யோசனையோடு வந்தார். வேல்ஸில் ஒரு ரயில் பாதையை நிர்வகித்தவர், தபால் துறைக்குச் சம்பந்தமே இல்லாதவர். முதலில் சிறு கத்திகளால் தாளைக் கீறும் இயந்திரம் செய்தார், அது சரிவரவில்லை. அடுத்து, வரிசையாகத் துளையிடும் இயந்திரம். அதில் சோதனையாகத் துளையிட்ட பென்னி ரெட்டுகள் 1850 வாக்கில் புழக்கத்திலும் விடப்பட்டன. அரசு 1853-இல் காப்புரிமையை 4,000 பவுண்டுக்கு வாங்கியது. 1854-இல் அதிகாரபூர்வமாகத் துளையிட்ட தபால்தலை வந்தது.

துளை அளவு என்பது 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. முதலில் 16 வைத்தார்கள். துளைகள் மிக நெருக்கமாக இருந்ததால் தாள் கையில் எடுக்கும்போதே பிய்ந்தது. 1855-இல் 14 ஆக்கினார்கள்.

துளையிடுவதில் தீராத தலைவலி ஒன்று உண்டு. நனைத்து அச்சிட்ட தாள் காயும்போது சுருங்கும். எல்லாத் தாளும் ஒரே அளவு சுருங்காது. துளையிடும் ஊசிகளோ நகராத இடத்தில் நிற்கும். பென்னி ரெட்டுகள் பலவற்றில் படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, எழுத்தின் மேலேயே பல் ஏறியிருப்பதற்கு இதுதான் காரணம். படம் நட்டநடுவில் இருக்கும் ஒன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

## 1854 – 1857: எல்லாம் ஒரே நேரத்தில் மாறிய காலம்

பென்னி ரெட்டைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த மூன்று நான்கு ஆண்டுகளில்தான். அடுத்தடுத்து ஐந்து மாற்றங்கள் நடந்தன:

1. துளை வந்தது, பின் 16-லிருந்து 14-க்கு மாறியது.
2. டை மாறியது. பதினான்கு ஆண்டுகளில் மூல உருவம் தேய்ந்து முகம் வெளிறிப் போயிருந்தது. 1855-இல் வில்லியம் ஹம்ஃப்ரிஸ் என்ற செதுக்குநர் கோடுகளை ஆழப்படுத்தினார். பழையது முதல் டை, இது இரண்டாம் டை.
3. நீர்க்குறி மாறியது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் கிரீடம் அதுவரை சிறியது. 1855-இல் பெரிய கிரீடமானது.
4. மூலை எழுத்துகளைப் பதிக்கும் அச்சுகள் மாறின. எழுத்துகள் முன்பைவிடப் பெரிதாயின.
5. தாளின் நீலமும், மையின் பழுப்பும் விலகின.

ஒரு மாற்றம் வந்ததும் பழைய இருப்பைத் தூக்கி எறியவில்லை. பழைய டையில் செய்த பிளேட்டைப் புதுத் தாளில் அச்சிட்டார்கள்; புது டையில் அச்சான தாளைப் பழைய 16 துளை இயந்திரத்தில் ஓட்டினார்கள். இதனால் சில மாதங்களுக்கு மட்டும் நிலவிய கலவைகள் பல உண்டாயின. சில சாதாரணம், சில நல்ல விலை பெறுபவை. இந்தக் காலகட்டத்துத் தபால்தலையை நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. துளை, நீர்க்குறி, டை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை வரும்.

இரண்டு டைகளையும் பிரித்தறிய ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடி போதும். முதல் டையில் முகம் மென்மையாக, கொஞ்சம் தட்டையாக இருக்கும். இரண்டாவதில் கண் குழியில் நிழல் ஆழமாக இருக்கும், உதடு தடித்திருக்கும், வாயோரத்தில் கீழ்நோக்கி ஒரு அழுத்தமான கோடு, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே ஒரு கருமை. முதலாவது பதினைந்து வயதுப் பெண்ணைப் போல் இருந்தால் இரண்டாவது சற்றுக் கண்டிப்பான பெண்மணியாகத் தெரிவார்.

## நட்சத்திரம் போய் நான்கு எழுத்துகள் வந்தது

1864 வரை மேல் மூலைகள் இரண்டிலும் நட்சத்திரம் போன்ற பூ வடிவம் இருந்தது. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘ஸ்டார்’ என்றே சொல்வார்கள். அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். ஒரு தபால்தலையில் முத்திரை படாத மேல்பாதி, இன்னொன்றில் முத்திரை படாத கீழ்ப்பாதி. இரண்டையும் வெட்டி ஒட்டினால் புதுத் தபால்தலை!

இதற்கு மாற்றாக, கீழே இருந்த இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றி மேல் மூலைகளிலும் வைத்தார்கள். கீழே பி-ஏ என்றால் மேலே ஏ-பி. இரண்டு பாதிகளும் ஒரே ஜோடியாக இல்லாவிட்டால் ஒட்டு வேலை அம்பலமாகிவிடும். 1864 ஏப்ரல் 1 முதல் இந்த வகை விற்பனைக்கு வந்தது. கூடவே ஒரு பெரிய வசதி: இருபுறமும் உள்ள கொடி போன்ற சித்திரப் பட்டைகளுக்குள் பிளேட் எண்ணையே பொறித்துவிட்டார்கள். தபால்தலையைப் பக்கவாட்டில் திருப்பி, பட்டையின் நடுவே பார்த்தால் எண் தெரியும்.

புழக்கத்துக்கு வந்தவை 71 முதல் 225 வரை. நடுவில் 75, 77, 126, 128 ஆகியவை குறை காரணமாகப் பயன்படுத்தாமல் ஒதுக்கப்பட்டவை. 69, 70 இரண்டும் அப்படியே. ஆக மொத்தம் 151 பிளேட். இவற்றை எல்லாம் சேர்த்து முடிக்க ஒரு சாதாரணச் சம்பளக்காரராலும் முடியும். அதனால்தான் பென்னி ரெட் இன்றும் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற தபால்தலையாக இருக்கிறது. கடைசி பிளேட்டான 225 மட்டும் கொஞ்சம் சோதிக்கும். குறைந்த காலமே அச்சானதால் மற்றவற்றைவிட விலை அதிகம்.

## 77: ஏன் அந்த எண்ணுக்கு இவ்வளவு விலை?

மேலே ஒதுக்கப்பட்ட எண்களில் 77 இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த பிளேட்டில் உருவங்களின் இடைவெளி துளையிடும் வரிசைக்கு ஒத்துவராததால் அதை ஒதுக்கினார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் அதில் அச்சான தாளில் கொஞ்சம் எப்படியோ வெளியே போய், துளையிடப்பட்டு, தபால் அலுவலகத்தில் விற்கப்பட்டு, கடிதங்களில் ஒட்டப்பட்டுவிட்டது. இதுவரை உறுதிசெய்யப்பட்டவை பத்துக்குள்தான். அவற்றில் சில பிரிட்டிஷ் நூலகம் போன்ற, ஒருபோதும் விற்காத இடங்களுக்குப் போய்விட்டன. வாங்குவதற்கென்று மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதலில் சொன்ன 2012 தபால்தலை இந்த 77-களில் ஒன்று; அதற்கு அந்த விலை கிடைத்தது இதனால்தான்.

இந்த எண்ணைச் சுற்றி மூன்று குழப்பங்கள் உண்டு.

முதலாவது, தவறாக வாசிப்பது. எண் மிகச் சிறியது, கொடிச் சித்திரத்துக்குள் ஒளிந்திருக்கும், மேலே முத்திரை வேறு. 73, 71 போன்றவை 77 ஆகத் தெரிவது சகஜம். 177-இல் முதல் எண்ணின் மேல் முத்திரை மை விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். 177 மிகச் சாதாரணமான பிளேட்.

இரண்டாவது, வேண்டுமென்றே செய்யும் போலி. 177-இல் உள்ள 1-ஐச் சுரண்டியோ வண்ணம் பூசியோ மறைத்து 77 என்று விற்பது பழைய தந்திரம். எண் இரண்டு பக்கப் பட்டைகளிலும் இருக்கிறது. இரண்டிலும் எண்ணின் இடத்தை அளந்து, மூல பிளேட்டோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. துளையில்லாத பழைய காலத்திலும் 77 என்ற எண் கொண்ட பிளேட் ஒன்று இருந்தது. அது புழக்கத்தில் இருந்த பிளேட், எண் தபால்தலையில் தெரியாது. அதற்கும் ஒரு தனிப் புகழ் உண்டு: பி வரிசையின் முதல் தபால்தலையில் வலது மூலை எழுத்தான ஏ-வைத் தட்ட மறந்துவிட்டார்கள். இடப்பக்கம் பி, வலப்பக்கம் வெறும் கட்டம். பின்னர் கவனித்துத் திருத்தினார்கள் என்றாலும், அதற்குள் அச்சானவை மிக அரிய பிழைத் தபால்தலைகளாகிவிட்டன. இணையத்தில் இந்த இரண்டு 77-களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் எண்ணைத் தவிர எந்த உறவும் இல்லை.

## முத்திரையும் சொல்லும் கதை

1844 வரை மால்டா சிலுவை. 1843-இல் லண்டனில் அதன் நடுவில் 1 முதல் 12 வரை எண் வைத்துப் பார்த்தார்கள். 1844-இல் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் கொடுத்து, கம்பிகளுக்கு நடுவே எண் உள்ள முத்திரை வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நீள்வட்டம், ஸ்காட்லாந்துக்குச் செவ்வகம், அயர்லாந்துக்குச் சாய்சதுரம் போன்ற வடிவம். தபால்தலை சாதாரணமாக இருந்து முத்திரை அரிதாக இருந்தால் விலை முத்திரைக்குத்தான்.

1880 ஜனவரியில் டி லா ரூ நிறுவனத்தின் மலிவான, வேறு முறையிலான அச்சுக்கு ஒப்பந்தம் மாறியது. பென்னி ரெட் அத்துடன் முடிந்தது. பெர்கின்ஸ் பேகன் இதே செதுக்கல் முறையில் பல காலனிகளுக்கும் அச்சிட்டிருக்கிறது. 1857 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த இலங்கையின் முதல் தபால்தலையான 6 பென்ஸும் அங்கே அச்சானதுதான். அந்தத் தொடரில் 1859-இல் வந்த 4 பென்ஸ், இலங்கைத் தபால்தலைகளில் மிகுந்த மதிப்புள்ளவற்றுள் ஒன்று.

## உங்கள் கையில் இருப்பதை எந்த வரிசையில் பார்ப்பது?

1. மேல் மூலைகளைப் பாருங்கள். எழுத்து இருந்தால் 1864-க்குப் பிந்தைய அச்சு. நட்சத்திரம் இருந்தால் பழைய வகை.
2. எழுத்து இருந்தால் பக்கப் பட்டையில் பிளேட் எண்ணைத் தேடுங்கள். இருபக்கமும் ஒரே எண் தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.
3. நட்சத்திரம் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். பல் இல்லையென்றால் 1841 – 1854 வகையாக இருக்கலாம். பல்லை வெட்டிவிட்டுத் துளையில்லாதது போல் விற்பதும் உண்டு; ஓரம் மிக ஒடுக்கமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.
4. பல் இருந்தால் துளை அளவு, நீர்க்குறி, டை மூன்றையும் பாருங்கள்.
5. நிறத்தை கடைசியில் பாருங்கள். வெயிலும் ஈரமும் காற்றும் சிவப்பை மாற்றிவிடும்.
6. கிழிசல், மடிப்பு, பின்னால் மெலிந்த இடம் எல்லாம் விலையை அடியோடு குறைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று அரிதாகத் தோன்றினால், லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நிபுணர் குழு கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் தரும். சான்றிதழ் இல்லாமல் லட்சக்கணக்கில் பேரம் பேசுபவரிடம் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

அப்புறம், தபால்தலை இன்னமும் கடிதத்திலோ உறையிலோ ஒட்டியிருந்தால் அதைப் பிரித்து எடுக்காதீர்கள். ஊர் முத்திரை, தேதி, பெறுபவர் முகவரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த முழுக் கடிதத்துக்குத்தான் ஆய்வாளரிடமும் சந்தையிலும் மதிப்பு அதிகம். தண்ணீரில் ஊறவைத்து எடுத்த பென்னி ரெட், எத்தனையோ கோடியில் ஒன்றாகிவிடும்.